டேப்புக்குள் ஒரு விரல்

வாடிக்கைக்காரியின் கையைச் சுற்றி டேப்பை இழுத்த பாமா அப்படியே நின்றுவிட்டாள். இடது கைச் சுட்டுவிரல் டேப்புக்குள் இருந்தது.

எப்போதும் இருப்பதுதான். ஜோகுபாளையத்தில் இருபத்தாறு வருஷமாக ரவிக்கை தைக்கிறாள். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, பழைய ரவிக்கைகளைப் பிரித்துப் பார்த்துத் தானாகப் பிடித்துக்கொண்ட தொழில். சதையை ஒட்டி அளந்தால் கையைத் தூக்கும்போது தையல் விட்டுப்போகும், உள்ளே ஒரு விரல் இடம் வேண்டும் என்பது நாலைந்து துணி பாழான பிறகு புரிந்தது. அதன்பின் விரல் அவளைக் கேட்காமலே உள்ளே போய்விடும்.

நேற்று சர்ச் ஹாலில் நடந்த முகாமிலும் போயிருக்கிறது.

அறுபது தாண்டிய பெண்களுக்குச் சதை கரைகிறதா என்று பார்க்கும் முகாம் அது. கெண்டைக்காலின் சுற்றளவு முப்பத்தொரு சென்டிமீட்டருக்குக் குறைந்தால் பெயரை எழுதி மேல்பரிசோதனைக்கு அனுப்புவார்கள். கூட்டம் நெருக்கவே நர்ஸ் சிந்து, டேப் பிடிக்க உங்களைவிட யாருக்கு வரும் என்று பாமாவிடம் அந்த வேலையைக் கொடுத்தாள். நாற்பத்தோரு பேரை அளந்தாள். அவளுக்கும் அறுபது தாண்டிவிட்டதால் கடைசியாகத் தன்னையும் அளந்துகொண்டாள், முப்பத்தொன்றரை. அக்கா மங்களத்துக்கு முப்பத்திரண்டு.

மங்களம் ஒரே மாதத்தில் இரண்டு முறை பாத்ரூமில் விழுந்தவள். எண்ணைக் கேட்டதும் முகம் தெளிந்துவிட்டது. இனித் தண்ணீருக்கு யாரையும் கெஞ்சப் போவதில்லை, தானே மாடிக்குத் தூக்கிக்கொள்வேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மணி பத்தாகப் போகிறது. தெருக்குழாயில் தண்ணீர் வரும் நேரம். பாமா கழுத்தில் டேப்போடு அக்கா வீட்டுக்கு ஓடினாள்.

குறுகலான சிமெண்டுப் படிகளில் பாதி தூரத்தில் மங்களம் இருந்தாள். இடுப்பில் குடம். வலது கால் மேல்படியில் நடுங்கிக்கொண்டிருந்தது. இடது கால் எழவில்லை. கூப்பிட்டால் திரும்புவாள், திரும்பினால் விழுவாள். பாமா செருப்பைக் கழற்றிவிட்டு, மூச்சுகூடக் கேட்காமல் ஏறி, ஒரு கையை அவள் முதுகிலும் ஒரு கையைக் குடத்தின் அடியிலும் கொடுத்தாள்.

"நான்தாங்க்கா. அப்படியே உக்காரு."

படியிலேயே அவள் கெண்டைக்காலை அளந்தாள். சுட்டுவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள். இருபத்தொன்பதரை.

"நேத்து முப்பத்திரண்டுன்னியே?"

"என் விரலையும் சேத்து அளந்துட்டேங்க்கா."

மங்களம் குடத்தைச் சுவரோரம் நகர்த்தி வைத்தாள்.

"அப்போ இன்னும் எத்தினி பேருக்கு உன் விரல குடுத்து அனுப்பினே?"

நாற்பது வீடு. நாற்பது வீட்டிலும் இந்நேரம் யாரோ ஒருத்தி தைரியமாகக் குடம் தூக்கிக்கொண்டிருப்பாள். சிந்துவுக்கு உடனே போன் பண்ண வேண்டும், போன் தையல் மெஷின் மேலேயே கிடக்கிறது என்று பாமா எழுந்தாள்.

"பண்ணலாம். நீயும் அளந்துக்கினியே, கால நீட்டு."

"அப்புறம் பாத்துக்கலாங்க்கா."

"நீட்டுடி."

மங்களம் டேப்பை வாங்கிச் சுற்றி இறுக்கி இழுத்தாள். கண்ணாடி இல்லாததால் அவளுக்கு எண் தெரியவில்லை. பாமாதான் குனிந்து படித்தாள். நம்பாமல் நகத்தால் கோடுகளை எண்ணி இன்னொரு தரம் படித்தாள்.

"எவ்ளோடி?"

"என் பேரையும் எழுதச் சொல்லணும்" என்றாள் பாமா.

பிறகு இரண்டு பேரும் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக, போன் பண்ண இறங்கினார்கள்.