ஏ4-இல் சுருங்கிய மூன்று மீட்டர்

கேரள எல்லையோர மீனாட்சிபுரத்தில் ஒரு சின்ன அறையை வாடகைக்கு எடுத்து, கட்டடப் பிளான் வரைந்து கொடுக்கிறேன். டிப்ளமோ சிவில் படித்தவள். பிளானில் கையெழுத்துப் போட லைசென்ஸ் உண்டு. இத்தனை வருஷத்தில் நான் அனுப்பிய பிளான் அளவு தப்பென்று திரும்பி வந்தது ஒரே ஒரு தடவை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சுடுகிறது.

எட்டு மாடு வைத்து சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிற அக்கா ஒருத்தர், தகர ஷீட் போட்டு மாட்டுக் கொட்டகை கட்ட நினைத்தார். நிலம் பக்கத்துப் பஞ்சாயத்தில் இருந்தது. எந்தப் பஞ்சாயத்து என்று சொல்லி இப்போது சண்டைக்குப் போக எனக்கு நேரமில்லை. ரோட்டிலிருந்து கொட்டகைக்கு மூன்று மீட்டர் விட வேண்டும் என்றார்கள். டேப்பின் ஒரு முனையை அக்கா பிடித்தார், மறுமுனையை நான். மூன்று மீட்டர் பத்து சென்டிமீட்டர் விட்டுக் குச்சி அடித்தோம்.

பிளானை ஒன்றுக்கு நூறு என்ற அளவில் ஏ3 தாளுக்கு வரைந்தேன். தாளில் ஒரு சென்டிமீட்டர் என்றால் தரையில் ஒரு மீட்டர். பிடிஎஃப் ஆக்கும்போது அவசரப்படவே மாட்டேன். தாள் ஏ3-தானா, கம்ப்யூட்டர் தானாகச் சுருக்கி அடைக்கிற அந்தக் கட்டத்தில் டிக் இல்லையா என்று பார்ப்பேன். ஒரு பிரதி அச்சடித்து அடிஸ்கேல் வைத்து அளந்த பிறகுதான் அனுப்புவேன். அன்றும் அப்படித்தான் அனுப்பினேன்.

நாலாம் நாள் திரும்பி வந்தது. 'ரோட்டிலிருந்து 2.2 மீட்டர் மட்டுமே உள்ளது. அனுமதிக்க இயலாது.'

அக்காவுக்கு போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன். "ஏங்கண்ணு, அன்னைக்கு நான்தான் டேப்ப லூசா வுட்டுட்டனோ?" என்றார்.

எனக்கு அங்கேதான் பொறுக்கவில்லை. எட்டு மாட்டையும் ஒற்றையாளாகப் பார்த்துக்கொள்கிற மனுஷி, யாரோ தாளைப் பார்த்துச் சொன்னதற்காகத் தன் கையைச் சந்தேகப்படுகிறார்.

"இல்லீங்கக்கா, நீங்க சரியாத்தான் புடிச்சீங்க," என்று சொல்லிவிட்டு, அடிஸ்கேலைப் பையில் போட்டுக்கொண்டு அந்தப் பஞ்சாயத்து ஆபீஸுக்கு பஸ் ஏறினேன்.

ஓவர்சியர் மேஜையில் என் பிளான் கிடந்தது, ஏ4 தாளில். அந்த ஆபீஸ் பிரின்டரில் அதைவிடப் பெரிய தாள் போகாது. பிரின்டர் படத்தைச் சுருக்கிவிட்டது. அதன்மேல் அவர் அடிஸ்கேல் வைத்து அளந்திருக்கிறார். முழுப் பேச்சும் மலையாளத்தில். நான் தமிழில் எழுதுகிறேன்.

"சார், பக்கத்திலேயே 3.10 என்று எழுதியிருக்கிறதே?"

"எழுதுவது யார் வேண்டுமானாலும் எழுதலாம். ஸ்கேல் பொய் சொல்லாது."

என் அடிஸ்கேலை எடுத்து, படத்தைச் சுற்றியிருந்த பார்டர் கோட்டின் மேல் வைத்தேன். "இது நாற்பது சென்டிமீட்டர் இருக்க வேண்டும் சார். உங்கள் தாளில் இருபத்தெட்டுதான் இருக்கிறது. பார்டர் சுருங்கியிருந்தால் உள்ளே இருக்கிறதெல்லாம் சுருங்காதா?"

அவர் ஸ்கேலைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "மற்றவர்கள் பிளான் எல்லாம் இதே பிரின்டரில்தானே வருகிறது? அதெல்லாம் எப்படிச் சரியாக இருக்கிறது?"

அது எப்படி என்று வராந்தாவில் தெரிந்தது. என்னைப் போலவே பிளான் போடும் ஒருவர், ரகசியம்கூட இல்லை என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னார். "மூணு மீட்டர்னா நாலரைன்னு வரைஞ்சிருங்க. பிரின்ட் ஆகும்போது மூணுக்குக் குறையாது. நம்பரை மட்டும் கையால மூணுன்னு அடிச்சிருங்க. எல்லாரும் அப்படித்தாங்க பண்றோம்."

அதாவது, பொய்யாக வரைந்தால் அனுமதி, உண்மையாக வரைந்தால் நிராகரிப்பு. அத்தனை பேரும் தெரிந்தே கோணலாக வரைகிறார்கள், ஒரு பிரின்டருக்காக! நாளைக்கு அந்தப் படத்தை நம்பி ஒரு மேஸ்திரி அஸ்திவாரம் தோண்டினால்? அப்போது யாரைக் கேட்பார்கள்? கையெழுத்துப் போட்டவரைத்தான்.

நான் திரும்பி வந்து, ஒன்றுக்கு இருநூறு என்று அளவைப் பாதியாக்கி, ஏ4 தாளுக்கே மறுபடி வரைந்தேன். தாளும் அவர்களுடையது, அளவும் உண்மை. எழுத்துகள் எறும்பு மாதிரி ஆகிவிட்டதால் ஒவ்வொன்றையும் நகர்த்திப் பெரிதாக்க ஒரு பகல் முழுக்கப் போனது. மறுநாள் அக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன்.

ஓவர்சியர் அளந்தார். பதினைந்தரை மில்லிமீட்டர். இரண்டு தடவை அளந்தார். "இப்போது சரி. முந்தின பிளானில் இருந்த பிழையைத் திருத்திவிட்டேன் என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள்."

"பிழையே இல்லை சார். தாள் அளவு மாறியது என்று எழுதுகிறேன்."

"அப்படி எழுதினால் ஃபைல் செக்ரட்டரிக்குப் போகும். அவர் லீவில் இருக்கிறார்."

அக்கா என் முழங்கையைத் தொட்டார். "எழுதிக் குடுத்துரு கண்ணு. இடவப்பாதி மழைக்கு இன்னும் இருவது நாளுகூட இல்ல. ரெண்டு மாடு சினையா நிக்குது. இந்த ஓலைக் கொட்டாய் தாங்காது."

மறுத்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. மறுத்தால் நனைவது நானில்லையே என்று அப்போது தோன்றியது. எழுதினேன். 'பிழை' என்ற சொல்லை எழுதும்போது பேனா தாளைக் கிழிக்கிற அளவுக்கு அழுத்தினேன். கீழே கையெழுத்து, லைசென்ஸ் நம்பர். அந்தக் காகிதம் அந்த ஃபைலில்தான் இருக்கிறது, என்றைக்கும் இருக்கும்.

மூன்றாம் நாள் பெர்மிட் வந்தது. மழைக்கு முன்னால் கொட்டகையும் எழுந்தது. அதற்கப்புறம் என் ஒவ்வொரு பிளானிலும் 'இந்தத் தாளில் அளக்க வேண்டாம், எழுதிய எண்ணைப் படிக்கவும்' என்று மலையாளத்தில் கொட்டை எழுத்தில் போடுகிறேன். அதை எவரும் படித்ததாகத் தெரியவில்லை.

போன மாதம் பால் சொசைட்டி வாசலில் அக்காவைப் பார்த்தேன். வீடு கட்டப் போகும் ஒருவரிடம் என்னைக் காட்டி, ரொம்பப் பிரியமாகச் சொன்னார்: "இந்தப் புள்ளகிட்டயே குடுங்க. நல்லா வரையும். என்ற பிளான்ல மட்டும் ஒரு சின்னத் தப்பு வந்துருச்சு. ஓவர்சியர் சார் கண்டுபுடிச்சாரு, உடனே சரி பண்ணிக் குடுத்துருச்சு."

"அக்கா, தப்பு இல்லீங்கக்கா!" என்றேன். நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. பால் கேன் தூக்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அட, அதுக்கென்ன கண்ணு," என்று அக்கா சிரித்தார். "யாருக்குத்தான் தப்பு வராது?"