ஆக்னஸ் ஏறிய சலூன் நாற்காலி

முழங்கால் வலி வந்த பிறகு ஆக்னஸுக்கும் வீட்டு சோபாவுக்கும் ஆகாமல் போய்விட்டது. உட்காருவது சுலபம். எழுந்திருக்கத்தான் கணவர் மோசஸைக் கூப்பிட வேண்டும். அவர் கிரிக்கெட்டில் ஒரு கண்ணை வைத்தபடியே வந்து கை கொடுக்க வேண்டும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உயரமான ஸ்டூலில் உட்கார்ந்தே வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் அவள். தாழ்வான எதுவும் பழகவில்லை.

"உயரமா ஒரு நாற்காலி பாத்துட்டு வாரேன்" என்று ஒருநாள் கிளம்பினாள்.

போலாரத்தில் அவர்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிப் பழைய சாமான் கடைகள் வரிசையாக இருந்தன. மாற்றலாகிப் போகும் ராணுவக் குடும்பங்களும், பங்களாவைக் காலி செய்பவர்களும் விட்டுப்போனதெல்லாம் அங்கேதான் வந்து சேரும். முதல் கடை முழுக்கக் கடிகாரம். ஒவ்வொன்றும் ஒரு நேரம் காட்டும். கடைக்காரர் தெருவில் போகிறவர்களிடம் மணி கேட்பார். அடுத்தது சகுந்தலாவின் பீங்கான் கடை. சாசர் இல்லாத கப்பை அவர் சும்மாவே கொடுத்துவிடுவார். "ஜோடி இல்லாததுக்கு என்னன்னு விலை சொல்றது?" என்பார்.

மூன்றாவது கடையில் ஆக்னஸ் நின்றுவிட்டாள். நடுவில் ஒரு பழைய சலூன் நாற்காலி. இரும்புக் கால், சிவப்பு ரெக்ஸின், பக்கத்தில் மிதித்தால் உயரும் பெடல். அதில் கடைக்காரர் கணேஷ்குமார் முகத்தில் பேப்பரை மூடித் தூங்கிக்கொண்டிருந்தார்.

"தம்பி, இது விலைக்கா?"

"ஹவ் ஆன்ட்டி, எல்லாம் விலைக்குத்தான்." பேப்பரை விலக்கி, அவள் விரல் காட்டிய இடத்தைப் பார்த்தார். "இதுவா? இது நக்கோ. அப்புறம் நான் எங்க தூங்குறது?" வெள்ளைக்காரன் காலத்தில் வேலூரிலிருந்து வந்த குடும்பம் அவருடையது. அவர் தமிழில் பாதி இந்த ஊர் உருதுதான்.

"உக்காந்து பாக்கவாவது விடுவீங்களா?"

அதற்கு மறுக்க முடியவில்லை. ஏற்றி உட்காரவைத்து, மரியாதைக்குப் பெடலை மிதித்தார். "இன்னும் கொஞ்சம்" என்றாள் ஆக்னஸ். மிதித்தார். "இன்னும்." பீரோவின் தலை அவள் தோளுக்கு வந்தபோது உள்ளே எதுவோ டக்கென்றது. அதன் பிறகு நாற்காலி இறங்கவே இல்லை.

கணேஷ்குமார் குனிந்து பார்த்தார், தட்டினார், உருதுவில் திட்டினார். "பயப்படாதீங்க ஆன்ட்டி, நாலு பேரைக் கூப்பிட்டுத் தூக்கி இறக்கிடறேன்."

"நாலு பேர் என்னைத் தூக்குறது ஒரே ஒரு தடவதான் தம்பி. அதுக்கு இன்னும் நாள் இருக்கு. மெக்கானிக்கக் கூப்பிடுங்க."

மெக்கானிக் ஹர்ஷா சாப்பிடப் போயிருந்தான். சகுந்தலா டீ கொண்டுவந்து எட்டிக் கொடுத்தார். ஆக்னஸ் மோசஸுக்குப் போன் போட்டாள்.

"ஏங்க, வர லேட்டாகும். இறங்க முடியல."

"எந்த மாடில இருக்க?"

"நாற்காலில."

"சரி, இந்த ஓவர் முடியட்டும், வாரேன்."

அந்த நேரம் பார்த்து சைனிக்புரியிலிருந்து ஹர்ஷிதா என்ற பெண் வந்தாள். பச்சைக் கண்ணாடி விளக்குக் கூண்டு வேண்டும் என்று இந்தியில் கேட்டாள். இல்லை என்று கணேஷ்குமார் கை விரித்தார்.

"ஒரு நிமிஷம், லைன்ல இருங்க" என்றது மேலிருந்து ஒரு குரல். எக்ஸ்சேஞ்ச் பழக்கம். "தம்பி, பீரோ மேல பாருங்க. ஆர்மோனியத்துக்குப் பின்னால ரெண்டு கெடக்கு."

ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தார். இருந்தது. அந்தப் பெண் கைகொட்டிச் சிரித்தாள். அவள் போவதற்குள் ஒரு தொப்பி ஸ்டாண்டையும் ஆக்னஸ் அவள் தலையில் கட்டிவிட்டாள்.

பிறகு கடையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, சுவர் பக்கம் திருப்பிச் சாய்த்திருந்த ஒரு படத்தை மேலிருந்து எட்டிப் பார்த்து, "அந்தப் படத்துக் குதிரை என்ன தப்பு செஞ்சிச்சு? சுவத்தப் பாத்து நிக்குது?" என்று கேட்டாள்.

ஹர்ஷா வந்து எண்ணெய் விட்டு எதையோ தளர்த்தினான். பெருமூச்சு விட்டபடி நாற்காலி இறங்கியது. அவள் உயரமான நாற்காலி தேடி வந்த விஷயத்தைக் கேட்டவன், சோபா காலுக்கு அடியில் மரக்கட்டை வைத்தால் போதுமே என்று தெலுங்கில் சொன்னான். அப்போதுதான் வந்த மோசஸுக்கு, அவள் உச்சியில் இருந்ததைப் பார்க்க முடியவில்லையே என்று வருத்தம். அன்று மாலையே கட்டை வைத்தார். சோபா உயர்ந்தது. ஆக்னஸ் தானாக எழுந்தாள். குள்ளமான மோசஸுக்குக் கால் தொங்கியது.

நாற்காலி இனி தேவையில்லை. ஆனாலும் மறுநாள் ஆக்னஸ் கடையில் போய் நின்றாள்.

"என்ன ஆன்ட்டி, மறுபடியும்?"

"குதிரையத் திருப்பி மாட்டலாம்னு வந்தேன்."

அதோடு தினமும் போக ஆரம்பித்தாள். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மெட்ராஸையும் விஜயவாடாவையும் இணைத்த காலத்தில் எத்தனையோ குரல் கேட்டிருக்கிறாள், ஒரு முகமும் பார்த்ததில்லை. இங்கே முகங்களே நடந்து வந்து இது வேண்டும், அது வேண்டும் என்றன. மதியத்தில் நாற்காலி அவளுடையதானது. கணேஷ்குமார் பின்கட்டில் ஒரு ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குத் தூக்கத்தை மாற்றிக்கொண்டார்.

போன மாதம் அவர் வேலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது சாவியை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார். தனியாகக் கடை திறந்த அன்று தெருவே வந்து பேசிவிட்டுப் போனது.

"வியாபாரம் எப்படி?" என்றார் மோசஸ், அவள் வீடு திரும்பியதும்.

"ஒரு ஸ்பூன்கூட விக்கல" என்றாள் ஆக்னஸ், கரகரத்த குரலில். "பேசிப் பேசித் தொண்டதான் கட்டிப்போச்சு. வெந்நி வைங்க, நாளைக்கும் போகணும்."