ஆளில்லாத வீட்டுக்கும் ஒரு சலாம்

நஸீர் நானா போய்விட்டார் என்ற செய்தியைப் புத்தளத்திலிருந்து அவருடைய மகள் தொலைபேசியில் சொன்னாள். “வாப்பா மௌத்தாகிட்டார். நேத்தே அடக்கிட்டம்.” மருந்தெடுக்க அங்கே போனவர் திரும்பி வருவார் என்றிருந்த எனக்கு ஒரு பிடி மண் போடக்கூடக் கொடுத்துவைக்கவில்லை.

போர் முடிந்த மீள்குடியேற்றக் காலத்தில் மன்னார் நகரத்தின் ஓரங்களை வீடு வீடாக நடந்து, திரும்பி வந்த குடும்பங்களைப் பதிந்தவர்கள் நாங்கள் இருவரும். ஒரு ஒழுங்கையில் கருவாடு காயும்; அடுத்ததில் பாங்கு கேட்கும்; அதற்கடுத்ததில் என் நானாட்டான் பக்கத்துச் சனம் புதுக் கொட்டிலில் பால் காய்ச்சிக்கொண்டிருக்கும். மூன்று இடத்திலும் தேத்தண்ணி குடித்துவிட்டு, “மகேந்திரன், இந்த ஊரை வயித்தாலதான் அறியோணும்” என்பார். எங்கள் அலுவலகத்திலிருந்து அவரோடு நடந்த உங்களுக்கும் இதைச் சொல்லியிருப்பார்.

பூட்டிக்கிடந்த வீடுகளின் வாசல் படலையிலும் நின்று சலாம் சொல்வார். “ஆருக்கு நானா, முத்தத்தில படுத்திருக்கிற கழுதைக்கோ?” என்று ஒருநாள் பகிடி விட்டேன். அவர் சிரிக்கவில்லை. “ஆளில்லாத வீட்டுக்குள்ள போனாலும் சலாம் சொல்லிப்போட்டுத்தான் போறது. எங்கட பழக்கம். வீடும் தனியத்தானே கிடக்குது.”

மன்னாருக்குப் பக்கத்துத் தாராபுரத்தில் அவருடைய வீட்டுக்கும் பதியப் போனோம். மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் இடம்பெயர்ந்திருந்த புத்தளத்தில் விட்டுவிட்டு, தனியாக வந்து கூரை போட்டிருந்தார். “அஞ்சு பேர் எண்டு எழுதுங்கோ” என்றார்.

“இருக்கிறது நீங்கள் ஒருத்தர்தானே நானா?”

“பெருநாளைக்கு வருவினம்.”

சட்டம் பேசுகிற என் புத்தி விடவில்லை. ஒன்று என்று எழுதினேன். அவர் வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வைத்தார். அன்று எனக்குத் தேத்தண்ணி தரவில்லை. மறுநாள் வழக்கம்போல வேலைக்கு வந்தார். நானும் மன்னிப்புக் கேட்காமல் விட்டுவிட்டேன். பிறகு எத்தனையோ பெருநாள் வந்து போயிற்று, அவர்கள் வரவில்லை. பிள்ளைகளுக்கு அங்கே பள்ளிக்கூடம், தொழில் என்றாகிவிட்டது. நான் எழுதியதுதான் சரியாகப் போயிற்று. அதுதான் இன்றுவரை நெஞ்சை உறுத்துகிறது.

மகள் கேட்டதற்காகப் போன கிழமை அந்த வீட்டைப் பார்க்கப் போனேன். பக்கத்து வீட்டில் திறப்பு வாங்கிப் பூட்டைத் திறந்தேன். குசினித் தட்டில் ஐந்து கோப்பைகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. ஒன்றில் மட்டும் தேத்தண்ணிச் சாயக் கறை. மற்ற நான்கிலும் கடையில் ஒட்டிய விலைத்துண்டு அப்படியே இருந்தது. அங்கேயே நின்று அழுதேன்.

நானும் வாடகை அறையில் தனியாள்தான். இப்போதெல்லாம் பின்னேரம் கதவைத் திறக்கும்போது, “வந்திட்டன்” என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.