தறியிலிருந்து அறுத்த வெள்ளை

'டிக்னிஃபைட்' என்ற ஆங்கிலப் பெயரடைக்குக் 'கண்ணியமான' என்று வகுப்பில் பொருள் சொல்கிறேன். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான்; பொருள் சொல்வதில் தடுமாற்றமில்லை. அதை யாருக்குச் சொல்வது என்று பிள்ளைகள் கேட்கும்போதுதான் கைறுன்னிஸா மாமி என் முன்னால் வந்து நிற்பாள்.

காத்தான்குடியில் எங்களுக்கு அடுத்த வளவு அவளுடையது. கணவன் மௌத்தாகி விதவையான பிறகு குழித்தறியில் நெய்தே மகள் ஹிதாயாவை வளர்த்தாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஒரு மாரியில் வாவி ஊருக்குள் வந்தது. தறிக்குழியில் தண்ணீர் நின்றது. உடுதுணியெல்லாம் வெள்ளத்தோடு போயிற்று. நெசவுமில்லை, அரிசியுமில்லை. ஹிதாயா காய்ச்சலில் சுருண்டு கிடந்தாள்.

வெள்ளம் வடிந்ததும் நிவாரண அரிசி கொடுக்க ஒரு வெள்ளைக்காரத் துரை வந்தார். கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த நான் மொழிபெயர்த்தேன். மாமியிடம் மிஞ்சியது ஒரேயொரு கிழிசல். தலையை மூடினால் இடுப்புத் தெரியும். அந்நிய ஆண் முன் அப்படி வர முடியுமா? தறியில் பாதியில் நின்ற வெள்ளைத் துணியை அறுத்துப் போர்த்திக்கொண்டு வந்தாள்.

"என்னகா, பெருநாளைக்கு வெளிக்கிட்ட மாதிரி வந்திரிக்காய்?" என்று வரிசையில் நின்ற ஆசியா உம்மா சிரித்தாள்.

துரையும் அவளைப் பார்த்து நின்றார். "டிக்னிஃபைட்!" என்றார். இவளுக்கு எதற்கு அரிசி என்று என்னைக் கேட்டார். அவள் வீட்டில் அடுப்பெரியவில்லை என்றேன். நம்பவில்லை. அவளையே கேட்கச் சொன்னார்.

"மாமி, உங்களுக்கு அரிசி தேவையாண்டு கேக்காரு."

"அதுக்கு முன்ன என்னமோ சென்னாரே, அது என்ன மகன்?"

"நீங்க கண்ணியமான மனுசியாம்."

வரிசை முழுவதும் அவளைத் திரும்பிப் பார்த்தது. முக்காட்டை இறுக்கிக்கொண்டாள்.

"அப்பிடிச் சென்னவர்ட்ட கைய நீட்டேலா மகன். இல்லாத ஆக்களுக்குக் குடுக்கச் செல்லுங்க."

"புள்ளைக்குக் கஞ்சி?"

"அல்லாஹ் இரிக்கான்."

நான் வாய் திறப்பதற்குள், அவள் மறுத்த தோரணையைக் கண்டு துரை தலையசைத்து அடுத்தவளிடம் போய்விட்டார்.

பின்னேரம் உம்மா எங்கள் பங்கு அரிசியில் கஞ்சி வைத்துக் கொண்டுபோனா. ஹிதாயாவுக்கு விழுங்க முடியவில்லை. மறுநாள் பகல் மௌத்தாகிவிட்டாள்.

மையித்தை அடக்குமுன் உடுத்தும் கபன் துணியைப் பள்ளிவாசலில் தருவதாகச் சொன்னார்கள். மாமி வேண்டாமென்றுவிட்டாள். போர்த்தியிருந்த வெள்ளையைக் கழற்றிக் கொடுத்தாளாம்.

"இதுல வெட்டுங்ககா. புதுசிதான்."

பிறகு அந்தக் கிழிசலைத் தலைக்கு இழுப்பதும் இடுப்புக்கு இழுப்பதுமாகச் சுவர்ப்பக்கம் திரும்பியே இருந்தாள் என்று உம்மா வந்து சொல்லி அழுதா.