இரவல் இடத்தில் கத்திக்கடை

தண்டையார்பேட்டையில் உள்ள எங்கள் கத்திப் பட்டறைக்கு ஒரு காலத்தில் நாற்பதாயிரம் ரசிகர்கள் இருந்தார்கள். அவர்களில் கத்தி வாங்கியவர்களை ஒரே ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிடலாம். டிரைவர் பக்கத்தில் இடம்கூட மிஞ்சும்.

பட்டறையை நானும் என் தம்பியும் நடத்துகிறோம். உலையும் சாணையும் அவன் பொறுப்பு. முன்பக்கம் உட்கார்ந்து விற்பது அக்காவான நான். காசிமேட்டில் மீன் வெட்டும் பெண்களுக்கு அரிவாள்மனை, சுறா பிளக்கும் பெரிய கத்தி, செதில் சுரண்டி, ஐஸ் பாளத்தை இழுக்கும் கொக்கி, இவைதான் எங்கள் சரக்கு. வியாபாரம் நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தது. அது போதாதென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ராயபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த வகுப்புக்கு இருவரும் போனோம். சிறு வியாபாரிகளை ஒரே நாளில் பெரிய வியாபாரிகளாக்கும் வகுப்பு அது.

பாடம் எடுத்தவர் சித்திரை வெயிலில் கோட்டுப் போட்டிருந்தார். "வெப்சைட்லாம் மியூசியத்துல வைக்க வேண்டிய ஐட்டம் சார். ஜனங்க எங்க இருக்காங்களோ அங்க கடையப் போடுங்க. காசும் கெடையாது" என்றார். தம்பி கை தட்டினான். நானும் தட்டினேன். இதை மறைத்துவிட்டு மற்றவர்களைத் திட்டுவதற்கு எனக்கு யோக்கியதை இல்லை.

மறுநாளே தம்பி செல்போன் ஆப் ஒன்றில் பட்டறை பெயரில் பக்கம் தொடங்கினான். தீப்பொறி பறக்கும் காட்சி, அதை ஆமை வேகத்தில் ஓடவிட்டு நெஞ்சை இடிக்கும் இசை. காசிமேட்டிலிருந்து எங்களிடம் பல வருடமாகக் கத்தி வாங்கும் மீன்காரம்மாவை வரவழைத்து வஞ்சிரம் வெட்டச் சொல்லிப் படமெடுத்தான். முடிந்ததும் அந்த அம்மா போனை வாங்கிப் பார்த்தார்.

"நா வெட்னது பத்து மீனு. இதுல ஒண்ணுதான் கீது. மீதி ஒம்போது எங்க?"

"அவ்ளோ நேரம் யாரும் பாக்க மாட்டாங்கக்கா" என்றான் தம்பி.

"அப்ப அவங்களுக்கு மீனு வேணாம். சொம்மா வேடிக்க பாக்குறாங்க" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். வகுப்புக்குக் கட்டிய பணத்தை அந்த அம்மாவுக்குக் கொடுத்திருக்கலாம்.

படங்கள் பரவின. ஆயிரக்கணக்கில் நெருப்புப் பொம்மையும் கைதட்டும் பொம்மையும் வந்தன. நடுநடுவே ஒருவர் "விலை?" என்பார். விலையைப் போடக் கூடாது, போட்டால் பேச்சு நின்றுவிடும் என்று கோட்டுக்காரர் சொல்லியிருந்ததால், தனியாக மெசேஜ் அனுப்பச் சொல்லி நான் பதில் எழுதுவேன். அவர் அனுப்ப மாட்டார். அடுத்த படத்தின் கீழே இன்னொருவர் "விலை?" என்பார். நாள் முழுக்க இதே வேலை. கடைக்கு நேரில் வந்து நின்றவர்களை, கொஞ்சம் இருங்கள் என்று காக்கவைத்துவிட்டு, என்றைக்கும் வாங்கப் போகாதவர்களுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன்.

அந்த நாட்களில்தான் எண்ணூரிலிருந்து ஒருவர் வந்தார். ஒரு தொழிற்சாலை கேண்டீனுக்குச் சாமான் வாங்குபவர், சட்டைப் பையில் இரண்டு பேனா. எங்கள் கத்தியைப் பற்றி யாரோ சொல்லி, ஆபீஸ் கம்ப்யூட்டரில் தேடியிருக்கிறார். எதுவும் கிடைக்காமல் பஸ் பிடித்து வந்துவிட்டார்.

"கத்தி எனக்குப் புட்ச்சிக்கீது. அளவு, இரும்புத் தரம், வெல, ஜிஎஸ்டி நம்பரு எல்லாம் ஒரே எடத்துல கீதா? மேனேஜரு கம்ப்யூட்டர்ல பாத்தாதான் கையெழுத்துப் போடுவாரு" என்றார்.

"நம்ம பேஜப் பாருங்க சார், எல்லாம் அதுல கீது" என்றான் தம்பி. அதில் இசைதான் இருந்தது.

"அத்த ஆபீஸ்ல தொறக்க முடியாது நைனா. அடச்சி வெச்சிக்கிறாங்க."

அவர் போனதும் இருவரும் சிரித்தோம். எந்தக் காலத்து ஆள் என்று நான்தான் முதலில் சொன்னேன். அவர் பாரிமுனையில் ஒரு கடையில் ஆர்டர் கொடுத்துவிட்டார் என்று பிறகு தெரிந்தது. அந்தக் கடையின் வெப்சைட்டைத் திறந்து பார்த்தேன். பச்சைப் பின்னணியில் மஞ்சள் எழுத்து, கண் கூசியது. ஆனால் அளவும் விலையும் இருந்தன.

சில மாதம் கழித்து ஒரு காலையில் தம்பி போனை நீட்டினான். ஆயுதம் விற்பதால் பக்கம் மூடப்பட்டது என்று அதில் எழுதியிருந்தது.

"ஆயுதமா? செதில் சொரண்டியா?" என்றான்.

மேல்முறையீடு என்று ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தி, மீன் வெட்டும் கத்தி என்று விளக்கி எழுதினேன். கவனமாகப் பரிசீலித்து முடிவை உறுதிசெய்துவிட்டதாகப் பதில் வந்தது. நான் போனைக் கீழே வைப்பதற்குள் பரிசீலித்துவிட்டார்கள். தாலுகா ஆபீசில்கூட நம்மைத் திட்டியனுப்ப ஒரு மனிதர் உட்கார்ந்திருப்பார். இங்கே திட்டவும் ஆளில்லை. கோட்டுக்காரருக்குப் போன் போட்டேன். "வேற பேர்ல புதுசா ஆரம்பிங்க மேடம். இத ஒரு வாய்ப்பாப் பாருங்க" என்றார்.

எங்களுக்கு முன்னால் வேறு யாரோ அந்த வாய்ப்பைப் பார்த்துவிட்டார்கள். எங்கள் பெயரில் ஒரு புள்ளியைக் கூடுதலாகச் சேர்த்து, எங்கள் படங்களையே போட்டு ஒரு பக்கம் முளைத்தது. அதில் இருந்தவையும் அதே கத்திகள்தான். ஆனால் அந்தப் பக்கத்தில் அவை ஆயுதமாகவில்லை.

வேலூரில் மெஸ் நடத்தும் ஒருவர் பார்சலோடு வந்து நின்றார். "உங்ககிட்ட வாங்கினதுதான். வெங்காயம் வெட்டினாலே வளையுது" என்று ஒரு தகரத் துண்டை மேஜைமேல் வைத்தார். தம்பி எங்கள் கத்தி ஒன்றை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தான். அவருக்கே வித்தியாசம் புரிந்தது.

"சரி. இது நீங்க இல்லன்னா நீங்க எது? ஊர்ல இருந்துகிட்டு நான் எங்க பாத்துத் தெரிஞ்சிக்கிறது?"

தம்பி வாசலில் இருந்த பெயர்ப்பலகையைக் காட்டினான். அது வேலூரிலிருந்து தெரியாது. அவருக்கு எங்கள் கத்தி ஒன்றைச் சும்மாவே கொடுத்தனுப்பினோம்.

அதே வாரம் மீன்காரம்மா வந்தார். "இன்னாமே, கடைய மூட்டீங்கன்னு என் மருமவ போன்ல பாத்துச் சொல்றா. நீ இங்க குந்திகினு கீறே?"

மறுநாள் திருவொற்றியூரில் வெப்சைட் செய்து தரும் ஒரு பெண்ணிடம் போனோம். அவர் கோட்டுப் போடவில்லை, சிரிக்கவும் இல்லை. "மொத்தம் எத்தன வகை பண்றீங்க?" என்று கேட்டார். நாற்பதாயிரம் பேருக்கு வித்தை காட்டிய எங்களுக்கு எங்கள் சரக்கின் கணக்கு தெரியவில்லை. "படம் அப்பறம். மொதல்ல எழுதிக்கினு வாங்க" என்று அனுப்பிவிட்டார்.

எழுதினேன். உன்னதமான கூர்மை, தலைமுறை தாண்டிய தரம் என்று ஒரு பக்கம் நிரம்பியது. அரிவாள்மனை தீட்ட வந்த மீன்காரம்மாவிடம் பெருமையாகப் படித்துக் காட்டினேன்.

"இத்த யாருக்கு எழுதிக்கிறே? ஈரக் கையில புட்ச்சா வழுக்குமா வழுக்காதா, அத்த எழுது. தீட்டுன கருக்கு எத்தினி நாளு நிக்கும், அத்த எழுது."

எல்லாவற்றையும் அடித்துவிட்டு அவர் சொன்னபடி எழுதினேன். வகை, நீளம், தீட்டிய பக்கம், எந்த மீனுக்கு, விலை, பட்டறைக்கு வரும் வழி, நேரம். அடியில் எங்கள் பெயரில் நடக்கும் போலிப் பக்கத்தைப் பற்றி ஒரு வரி.

திருவொற்றியூர்ப் பெண் அதை வெப்சைட்டாக்கித் தந்தார். தம்பி அதைத் திறந்து பார்த்தான். "இதுல லைக்கு எங்க வரும்?"

"வராது."

டிவி இல்லாத வீட்டுக்கு விருந்தாளியாகப் போனவனைப் போல முகத்தை வைத்துக்கொண்டான்.

பூட்டிய பக்கத்தை ஒருநாள் அவர்களே திறந்துவிட்டார்கள். மன்னிப்பும் இல்லை, காரணமும் இல்லை. இத்தனை நாள் எங்கே போனீர்கள் என்று நாற்பதாயிரத்தில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. தம்பி மறுபடி தீப்பொறி எடுக்கிறான். நான் தடுப்பதில்லை. தண்டோரா போட அந்தத் தெரு நல்ல தெருதான், குடியிருக்கத்தான் லாயக்கில்லை. இப்போது ஒவ்வொரு படத்தின் கீழும் எங்கள் வெப்சைட் முகவரி இருக்கிறது.

எண்ணூர்க்காரரை நானே தேடிப் போனேன். ஆபீஸ் கம்ப்யூட்டரில் திறந்து, கடைசி வரி வரைக்கும் படித்தார். "நல்லா கீதும்மா. ஆனா இந்த வருசத்துக்கு அங்க குட்த்துட்டோம். அப்பறம் பாப்போம்" என்றார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் சிரித்ததற்கு அது சரியான பதில்தான்.

வெப்சைட் வழியாக வந்த முதல் கடிதம் தூத்துக்குடியில் மீன் வெட்டும் ஒருவருடையது. உங்கள் கத்திகள் ஒரு பக்கம் மட்டும் தீட்டியவை என்று போட்டிருக்கிறீர்கள், எனக்கு இடது கைப்பழக்கம், மறுபக்கம் தீட்டித் தருவீர்களா என்று கேட்டிருந்தார். தம்பியிடம் படித்துக் காட்டினேன். இத்தனை வருடத்தில் அவனுக்கு அது தோன்றியதே இல்லை. நேராகச் சாணைக்குப் போனான். இரண்டு நாளில் ஒன்று செய்து, தன் இடது கையால் ஒரு சங்கரா மீனை வெட்டிப் பார்த்தான். வெட்டு கோணலாக விழுந்தது.

"கத்தி சரியாத்தான் கீது. என் கைதான் தப்பு" என்றான்.

பட்டியலில் ஒரு வரி சேர்த்தேன்: இடது கைக்காரர்களுக்கு, கேட்டால் செய்து தருவோம். தம்பி போனை நிமிர்த்தி வைத்து இசை தேடிக்கொண்டிருந்தான். படம் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு, தூத்துக்குடிப் பார்சலைக் கட்டச் சாக்கு எடுக்கப் போனேன்.