இருக்கேன்

சோள ரொட்டியைச் சரிபாதியாகப் பிட்டு, ஒன்றைத் தன் முன்னாலும் மற்றதை எதிரே காலி நாற்காலிக்கு முன்னாலும் வைக்கிறார் ஜேபஸ். தன் பாதியைத் தின்று முடித்ததும் எழுந்துபோய் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து அதையும் தின்கிறார். அப்போது தலை இடப்பக்கம் சாய்ந்திருக்கும். அவருடைய சிநேகிதன் லீவை அப்படித்தான் சாப்பிடுவான். அவன் மனைவி லோயிஸுக்கு அது தெரியும்.

அமெரிக்காவில், ஓஹையோவில் எங்கள் ஊருக்கே பீப்பாய் செய்பவர் ஜேபஸ். ஒரு சொட்டு கசியாது. "தன் வாய்க்கும் வளையம் அடிச்சு வச்சிருக்காரு" என்பார் மாவு மில் ஈபன். சாப்பாட்டு மேசையிலும் அவருடைய பழைய பட்டாளத்துத் தொப்பி தலையைவிட்டு இறங்காது. போரிலிருந்து திரும்பாத லீவைக்காகக் கோயிலில் ஜெபம் செய்தபோது ஊரே தொப்பியைக் கழற்றியது. இவர் மட்டும், "இருக்கிறவனுக்கு எதுக்குக் கழட்டணும்?" என்றார்.

உள்நாட்டுப் போரில் இருவரும் தெற்கே ஒரே முகாமில் கைதிகள். ஒரே குழி, ஒரே கம்பளி. காலையில் பேர் கூப்பிடும்போது "இருக்கேன்" என்பவனுக்குத்தான் ரொட்டி. ஒரு விடியலில் லீவை செத்துப்போனான். ஜேபஸ் கம்பளியை அவன் முகத்துக்கு இழுத்துவிட்டு, அவனுக்குப் பின்னால் குனிந்து, அவன் குரலிலேயே "இருக்கேன்" என்றார். நாலு நாள் அப்படி. நாலு நாளும் இரண்டு ரொட்டி.

ஊர் திரும்பியதும் இதை லோயிஸிடம் மட்டும் சொன்னார். அவள் திட்டவில்லை. "அந்தக் குரல்ல ஒருதடவ சொல்லுங்கண்ணே" என்றாள்.

அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் மத்தியானம் ஜேபஸ் வீட்டுக்கு வந்து ரொட்டியைக் கொடுத்துவிட்டு, வாசலில் நின்று "லீவை" என்று கூப்பிடுவாள். உள்ளிருந்து சின்ன இருமலோடு புருஷன் குரல் வரும்: "இருக்கேன்." திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு ஓடுவாள். ஆனாலும் அடுத்த வாரம் வந்துவிடுவாள்.

இப்போது ஈபன் அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்கிறார். அவளுக்கும் ஆசைதான். "புருஷன் செத்தான்னு கூட இருந்தவரு சபையில வந்து ஒரு வார்த்த சொல்லட்டும்மா, அப்பத்தான் கல்யாணம்" என்கிறார் போதகர்.

ஜேபஸ் மசியவில்லை. "சொன்னா அவன் ரொட்டி நின்னுபோயிரும், தங்கச்சி."

போன வாரம் அவள் வாய் திறக்கும் முன்பே உள்ளிருந்து "இருக்கேன்" வந்தது. பயந்துபோய், "ஜேபஸண்ணே" என்று மூன்று தடவை கூப்பிட்டாள். அந்தப் பேருக்கு யாரும் பதில் சொல்லவில்லை. இரண்டாவது ஆளும் தன் கண்ணெதிரே போய்க்கொண்டிருக்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது.

இந்தச் சனிக்கிழமை அவள் வாசலில் நிற்கவில்லை. ஜேபஸ் எழுவதற்குள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, லீவையின் பாதியை எடுத்துத் தின்னத் தொடங்கினாள். அழுதுகொண்டே மென்றாள். துணுக்குக்கூட மிச்சம் வைக்கவில்லை.

"அவரு பங்க நான் சாப்பிட்டுட்டேன். இனிமே நீங்க உங்களுத மட்டும் சாப்பிடுங்கண்ணே."

ஜேபஸ் வெறும் மேசையை உள்ளங்கையால் ஒருமுறை தடவினார். பிறகு இரண்டு கையாலும் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.