கியர் பெட்டிக்குப் பதினெட்டு சதவீதம்

கடற்படைக்குக் கப்பல் வாங்க எவ்வளவு ஆகும் என்று மதிப்பீடு போடுகிற அலுவலகத்தில் அவளுக்கு 'ஒருவேளை மேடம்' என்று பெயர். யார் எந்தத் தொகையைச் சொன்னாலும், "ஒருவேளை அது சொதப்பிட்டா?" என்று கேட்டுவிடுவாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவள் என்பார்கள். சொல்லட்டுமே! இருபத்திரண்டு வருடத்தில் அவள் போட்ட மதிப்பீடு ஒன்றாவது பொய்த்ததாகக் காட்டட்டும் பார்ப்போம்.

பொறியாளர்களைக் கூட்டமாக வைத்து அவள் எதையும் கேட்கமாட்டாள். கூட்டத்தில் பெரியவர் ஒருவர் தலையாட்டினால் எல்லாத் தலையும் சேர்ந்து ஆடும். அதனால் அவரவர் மேசைக்கே போவாள். எல்லாம் நல்லபடியாக நடந்தால் எவ்வளவு, வழக்கம்போல் இழுத்தால் எவ்வளவு, எல்லாமே கெட்டால் எவ்வளவு என்று மூன்று தொகை வாங்கிக்கொள்வாள். யார் சொன்னது என்று வெளியே மூச்சு விடமாட்டாள்.

ரோந்துக் கப்பல்களுக்கான கடைசிக் கூட்டத்தில் இயக்குநர் அவளுடைய தாளைத் தட்டினார்.

"கியர் பெட்டிக்கு மட்டும் பதினெட்டு சதவீதம் கூடுதலா? இப்படியே மேல அனுப்பினா திட்டத்தையே தூக்கிடுவாங்க. அத அடிச்சிட்டுக் கையெழுத்துப் போடுங்க."

"சோதனை ஓட்டத்துல அது உடைஞ்சா ஆறு மாசம் போயிடும் சார். அதுக்குத்தான் அந்தப் பணம்."

"உடையும்னு யாரு சொன்னா?"

இயக்குநர் சுற்றிப் பார்த்தார். மேசையைச் சுற்றியிருந்த ஐந்து பொறியாளர்களும் குனிந்துகொண்டார்கள்.

"பாத்தீங்களா? போடுங்க கையெழுத்து. இல்லன்னா நாளையிலேர்ந்து உங்களுக்குப் பழைய கோப்பு அறைதான்."

இந்த வேலையைத் தவிர அவளுக்கு உயிரானது வேறொன்றும் கிடையாது. ஆனாலும் பேனாவை மூடி வைத்தாள்.

"கோப்பு அறைக்கே போறேன் சார். பேரையும் சொல்லமாட்டேன், தொகையையும் குறைக்கமாட்டேன்."

ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. கியர் பிரிவுப் பொறியாளர் எழுந்தார்.

"நான்தான் சார் சொன்னேன்."

பக்கத்திலிருந்தவர் அவரை முறைத்தார். "அட, நான் மட்டுந்தான் சொன்னேன்னு இத்தன நாளா பயந்துக்கிட்டிருந்தேனே!" அவரும் எழுந்தார். ஒவ்வொருவராக ஐந்து பேரும் எழுந்துவிட்டார்கள். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

இயக்குநர் தாளைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு தன் பேனாவை எடுத்து, பதினெட்டைத் தொடாமல் கீழே கையெழுத்திட்டார்.

"சரி மேடம். ஒருவேளை மேல இருந்து திருப்பி அனுப்பிட்டா?"

"நாம ஏழு பேரு இருக்கோம் சார்," என்றாள் அவள். "எழுந்து நிப்போம்."